உப்புக்கு உரிமம் கேட்பவர்களுக்கு

நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு நீரை அளவோடு விடுவதற்கு உரிமம் தர வேண்டும், அந்த உரிமங்களைப் பட்டறைகள் தங்களுக்குள் வாங்கவும் விற்கவும் வழிசெய்ய வேண்டும், ஆஸ்திரேலியாவின் ஹண்டர் ஆற்றில் 1995 முதல் நடந்துவரும் ஏற்பாடு திருப்பூரில் மட்டும் ஏன் நடக்கக் கூடாது என்ற வாதம், தொழில் வட்டாரக் கூட்டங்களில் முணுமுணுப்பாகத் தொடங்கி, இப்போது பொருளியல் கலைச்சொற்களைப் பூட்டிக்கொண்டு முழுநீளக் கட்டுரையாகவே வந்துவிட்டது. எழுதியவர் நிறையப் படித்திருக்கிறார். ஆற்றை மட்டும் படிக்கவில்லை. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேரும் இந்த ஆற்றில் ஆண்டுக்கு எத்தனை நாள் தண்ணீர் ஓடுகிறது என்ற ஒரே ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் அவர் அந்தக் கட்டுரையை எழுதியிருக்கவே முடியாது.

மறுக்கப்போகும் மதத்தை அதன் முழு வலிமையோடு முதலில் எடுத்துவைப்பது நம் தர்க்க மரபின் நாணயம். சிவஞான சித்தியார், பிறர் கொள்கையை எடுத்துவைத்து மறுக்கும் பரபக்கத்தை முடித்த பிறகே, தன் கொள்கையை நிறுவும் சுபக்கத்துக்கு வருகிறது. அந்த நாணயத்தை நானும் காக்கிறேன். அவர் சொல்வன ஐந்து. ஒன்று, சாயக்கழிவை ஒரு சொட்டும் ஆற்றில் விடக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் விதித்த பூஜ்ஜியக் கழிவு வெளியேற்றம் என்பது நடக்காத கனவு. ஆற்றிலிருந்த உப்பைக் கொட்டகைக்கு மாற்றியதைத் தவிர அது எதையும் சாதிக்கவில்லை. இரண்டு, ஹண்டரில் உரிமச் சந்தை வெற்றி பெற்றிருக்கிறது; ஆகவே நொய்யலிலும் வெல்லும். மூன்று, வெள்ளக் காலத்தில் விடப்படும் உப்பு கடலுக்குப் போய்விடும், யாருக்கும் நட்டமில்லை. நான்கு, தடையைவிட விலையே சிறந்த கட்டுப்பாடு. காசு கொடுக்க வேண்டியிருந்தால் தானாகக் குறைத்துக்கொள்வார்கள். ஐந்து, இலட்சக்கணக்கானோரின் பிழைப்பு இதில் இருக்கிறது. கேட்பதற்கு ஐந்தும் நியாயமாகத்தான் ஒலிக்கின்றன. ஒவ்வொன்றாக உரைத்துப் பார்ப்போம்.

முதலில் அந்தக் கனவு. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமானால் உப்பு வேண்டும்; அடர்ந்த நிறத்துக்குச் சாயத்தொட்டியில் லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரைகூடப் போடுகிறார்கள். உப்பின் வேலை சாயத்தை நூலை நோக்கித் தள்ளுவது மட்டுமே. அது துணியில் தங்குவதில்லை. போட்ட உப்பு அப்படியே கழிவு நீரில் வெளியே வருகிறது. நுண்ணுயிர்களை வைத்துச் செய்யும் சுத்திகரிப்பு கரிமக் கழிவைத் தின்னும், நிறத்தையும் ஓரளவு குறைக்கும். உப்பை ஒரு சிட்டிகைகூடத் தொடாது. சாக்கடை நாறும், நாள்பட்டால் மட்கும். சாயம் வெளுக்கும். உப்புக்குச் சாவு இல்லை. திருப்பூரில் 1990களின் இறுதியில் எழுந்த முதல் தலைமுறைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் தோற்றதற்கு இந்த எளிய வேதியியல்தான் காரணம். தெளிந்த நீரை விட்டார்கள், ஆனால் அந்தத் தெளிவுக்குள் உப்பு முழுவதும் இருந்தது. அதன் பிறகே சவ்வூடு வடிகட்டும் ஆர்.ஓ. வந்தது, ஆர்.ஓ. ஒதுக்கும் ரிஜெக்ட் நீரைக் காய்ச்சும் எவாப்பரேட்டர் வந்தது, உப்புநீரையும் சோடியம் சல்பேட்டையும் மீட்டுச் சாயத்தொட்டிக்கே திருப்பி அனுப்பும் முறை வந்தது.

எல்லாவற்றையும் மீட்ட பிறகும் மிஞ்சுகிற கலப்பு உப்பு கொட்டகைகளில் குவிந்து கிடக்கிறது என்று அவர் சுட்டுவது உண்மை. எவாப்பரேட்டருக்கு எரிபொருள் ஏராளமாக வேண்டும் என்பதும் உண்மை. இந்த இரு உண்மைகளிலிருந்து நேர்மையான மனம் எங்கே போக வேண்டும்? கலப்பு உப்பைப் பிரித்தெடுக்கும் தொழில்நுட்பத்துக்கு, குறைந்த உப்பில் ஏறும் சாயங்களுக்கு, சூரிய ஆற்றலுக்கு. இவரோ ஆற்றுக்குப் போகிறார். கொட்டகையில் கிடக்கும் உப்பை எடைபோடலாம், படம் பிடிக்கலாம், உரியவரை நிறுத்திக் கேள்வி கேட்கலாம்; ஆற்றில் கரைந்த உப்புக்கு முகவரி கிடையாது. குவியல் கண்ணை உறுத்துகிறது என்பதற்காக அதை அடுத்தவன் கிணற்றுக்குள் மறைக்கச் சொல்வதற்குப் பெயர் சுற்றுச்சூழல் கொள்கையா? இதிலுள்ள முரண்பாட்டையும் கவனியுங்கள். முதல் பகுதியில் பூஜ்ஜிய வெளியேற்றம் நடைமுறைக்கு ஒவ்வாதது என்கிறவர், ஐந்தாம் பகுதியில் திருப்பூர்த் தொழிலின் அண்மைக்கால வளர்ச்சியைப் பாடும்போது, அந்த வளர்ச்சி முழுவதும் அதே நிபந்தனையின் கீழ் நடந்தது என்பதை மறந்துவிடுகிறார். நடக்காத ஒன்றின் கீழ் இத்தனை ஆண்டு தொழில் எப்படி நடந்தது?

இனி ஹண்டர். இந்த வாதத்தின் குலதெய்வம் அதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் ஓடும் அந்த ஆற்றின் மேற்பகுதியில் நிலக்கரிச் சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும் உப்பு நீரை விட வேண்டியிருந்தது. கீழே விவசாயிகளும் திராட்சைத் தோட்டக்காரர்களும் எதிர்த்தார்கள். 1995இல் சோதனை முறையில் தொடங்கி 2002இல் சட்ட வடிவம் பெற்ற திட்டத்தின் சாரம் இது: ஆற்றில் விடத்தக்க மொத்த உப்பு ஆயிரம் பங்குகளாகப் பிரிக்கப்பட்டது, பங்கு வைத்திருப்பவர் அதற்கேற்ற அளவு விடலாம், மிஞ்சினால் விற்கலாம், இரண்டாண்டுக்கு ஒருமுறை 200 பங்குகள் காலாவதியாகி ஏலத்துக்கு வரும். இதுவரை நம் கட்டுரையாளரும் சொல்கிறார். இதற்கு மேல் அவர் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அந்தத் திட்டத்தின் உயிரே அதுதான். ஆற்றின் ஓட்டத்தை அவர்கள் மூன்றாக வகுத்திருக்கிறார்கள்: குறைவு, மிகுதி, வெள்ளம். ஓட்டம் மிகுந்த நாளில்தான் பங்குகளுக்கு வேலை. ஓட்டம் குறைந்த நாளில், கையில் எத்தனை பங்கு இருந்தாலும், ஒரு சொட்டும் விடக் கூடாது.

குறைந்த ஓட்டம் என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் என்ன? சிங்கிள்டன் நகரருகே ஒரு நாளில் கடக்கும் நீர் 200 கோடி லிட்டருக்குக் கீழே இருந்தால் அது குறைந்த ஓட்டம். நம் பொதுப்பணித் துறைக் கணக்கில் சொன்னால் நொடிக்கு ஏறத்தாழ 800 கன அடி. திருப்பூர்ப் பாலத்தின் மேல் நின்று, வெள்ளம் வரும் ஒருசில நாட்களைத் தவிர்த்து, நொய்யலில் 800 கன அடி ஓடுவதை யாராவது பார்த்திருக்கிறார்களா? ஹண்டரின் விதியை ஓர் எழுத்தும் மாற்றாமல் இங்கே கொண்டுவந்தால், ஆண்டின் பெரும்பகுதி நாட்களில் நொய்யலில் அனுமதிக்கப்படும் வெளியேற்றம் பூஜ்ஜியம். சென்னை உயர் நீதிமன்றம் எதைச் சொன்னதோ அதையே சிங்கிள்டன் அளவுமானியும் சொல்கிறது. தன் வாதத்துக்கு அவர் அழைத்துவந்த சாட்சி எதிர்த்தரப்புக்குச் சாட்சி சொல்லிவிட்டுப் போகிறது.

ஆற்றின் அளவுக்கேற்ப வரம்பைக் குறைத்துக்கொள்ளலாமே என்பார். குறைப்போம், கணக்கையும் போடுவோம். 2011இல் நீதிமன்ற ஆணைப்படி மூடப்படுவதற்கு முன் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் வெளியேற்றிய கழிவு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்பது கோடி லிட்டர். அதில் லிட்டருக்கு ஆறு கிராம் உப்பு என்று மிதமாகவே வைத்துக்கொள்வோம்: நாளுக்கு 540 டன். ஹண்டரில் ஆற்று நீரின் மின்கடத்துதிறன் 900 அலகைத் தாண்டக் கூடாது. கரைந்த உப்பாக அது லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்கும் சற்றுக் கீழே. மேலிருந்து வரும் நொய்யல் நீரில் 300 மில்லிகிராம்தான் உப்பு என்று, கோவையின் சாக்கடையை மறந்துவிட்டு, அவருக்குச் சாதகமாகவே எடுத்துக்கொள்வோம். அப்படியும் ஒரு நாள் கழிவை அந்த வரம்புக்குள் கரைக்க அதைப்போல் 18 மடங்கு நல்ல நீர் வேண்டும். அதாவது 162 கோடி லிட்டர், நொடிக்கு 660 கன அடி. இது அன்றன்றைக்கு உண்டாகும் கழிவுக்கு மட்டும். அந்த 660 கன அடி ஓடாத நாட்களில் வரும் கழிவை எங்கே வைப்பது?

சுரங்கத்துக்கும் சாயப்பட்டறைக்கும் உள்ள வேறுபாடு இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. சுரங்கத்து உப்பு நீரைத் தேக்கி வைக்கலாம். பரந்த நிலமும் குட்டைகளும் அவர்களுக்கு உண்டு, வெள்ளம் வரும்வரை காத்திருப்பார்கள். சாயத்தொட்டி காத்திருக்குமா? ஆர்டர் காத்திருக்குமா? ஒன்பது கோடி லிட்டரை 300 நாள் தேக்கினால் 2,700 கோடி லிட்டர்; அணைக் கணக்கில் 950 மில்லியன் கன அடிக்கு மேல். நொய்யலின் குறுக்கே 1990களின் தொடக்கத்தில் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையின் கொள்ளளவு 616 மில்லியன் கன அடி. ஆக, கட்டுரையாளரின் உரிமச் சந்தை நடக்க வேண்டுமானால் சாயக்கழிவுக்கென்றே ஒன்றரை ஒரத்துப்பாளையம் வேண்டும். இது கற்பனைப் பூச்சாண்டி அல்ல. இந்தச் சோதனையை நாம் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டோம். ஈரோடு, கரூர் நிலங்களுக்குப் பாசனம் தரக் கட்டிய அந்த அணையில் தேங்கியது சாயக்கழிவு. கட்டும்போது மகிழ்ந்த விவசாயிகளே பின்னர் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று நீதிமன்றப் படியேறினார்கள். அணையில் தண்ணீர் வேண்டாம் என்று ஓர் உழவனைச் சொல்லவைத்த தொழிலின் வழக்கறிஞர், அதே அணையைப்போல் இன்னும் ஒன்றரை வேண்டும் என்று மறைமுகமாகக் கேட்கிறார். அது தன் வாதத்தில் அடங்கியிருக்கிறது என்பதாவது அவருக்குத் தெரியுமா?

ஆற்றில் விடும் முன் 2,100 மில்லிகிராமுக்குக் குறைத்துவிட்டால் போதும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்பு அதுதானே என்று ஒரு கிளைவாதமும் வைக்கிறார். ஆறாயிரத்தை 2,100 ஆக்குவதற்கு இரண்டே வழிகள். ஒன்று, நல்ல தண்ணீரைக் கலந்து அளவுமானியை ஏமாற்றுவது. உப்புக் கரிக்கும் குழம்பில் தண்ணீர் ஊற்றினால் கரிப்பு குறையுமே தவிர, போட்ட உப்பில் ஒரு கல்லும் குறையாது. மற்றொன்று ஆர்.ஓ.; அது வந்தால் ரிஜெக்ட் வரும், ரிஜெக்ட் வந்தால் எவாப்பரேட்டர் வேண்டும், எவாப்பரேட்டர் வந்துவிட்டால் வெளியே விட வேண்டிய தேவையே இல்லை. பாதி வழியில் இறங்க இந்தப் பாதையில் நிறுத்தம் கிடையாது. மேலும் அந்த 2,100 என்ன புனித எண்ணா? ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் பாசன நீர் வழிகாட்டி, 450 மில்லிகிராமுக்கு மேல் எச்சரிக்கை தொடங்குகிறது என்றும், 2,000க்கு மேல் கடுமையான கட்டுப்பாடு வேண்டும் என்றும் வகுக்கிறது. கழிவைக் கரைத்துக்கொள்ளும் உயிருள்ள ஆறு ஒன்று ஓடுகிறது என்ற அனுமானத்தில்தான் 2,100 நிற்கிறது. ஆறு வறண்ட நாளில் ஆற்றில் ஓடுவதே கழிவு மட்டும்தான். அன்றைக்கு 2,100 என்பது பாசன நீரின் உப்பு. அந்த நீர் பாய்ந்த மண்ணில் சோடியம் சேர்ந்து சுண்ணாம்புச் சத்தை விலக்குகிறது, மண் இறுகுகிறது, மழை பெய்தாலும் நீர் இறங்குவதில்லை. வரம்புக்குள் இருக்கிறோம் என்ற சான்றிதழை அந்த மண்ணிடம் யார் காட்டுவது?

மூன்றாவது வாதம் வெள்ளம். வெள்ளநீர் உபரி, யாருக்கும் உரியதன்று, அதில் உப்பைக் கலந்தால் கடலோடு போயிற்று என்கிறார். அணைகளால் ஆண்டு முழுதும் ஓட்டம் சீராக்கப்பட்ட ஆறு ஒன்றின் கரையில் நின்று இதைச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். கொங்கு நாட்டில் நின்றுகொண்டு சொல்லலாமா? மழைமறைவுப் பகுதியான இங்கே வெள்ளம்தான் விளைச்சல். தடுப்பணை கட்டி, வாய்க்கால் வெட்டி, அந்தச் சில நாள் நீரைக் குளங்களில் நிரப்பி, குளத்திலிருந்து மண்ணுக்குள் இறக்கி, கிணற்றில் எடுத்து ஆண்டு முழுவதும் உண்பதுதான் நொய்யல் கரையின் நீர்நாகரிகம். பேரூர் தொடங்கிக் கீழே வரும் அணைக்கட்டுகளும் குளங்களும் வெள்ளத்தைப் பிடிப்பதற்காகவே உண்டாக்கியவை. ஆண்டுக்கு ஒருமுறை வரும் நல்ல தண்ணீரில், அதே நாட்களில், சேர்த்து வைத்த உப்பையெல்லாம் கலப்பதென்றால், உழவன் ஆண்டு முழுவதற்கும் சேமிக்கும் தண்ணீரைத் தேர்ந்தெடுத்துக் கெடுப்பதாகத்தான் பொருள். அவர் சொல்லும் கடலும் உடனே வந்துவிடாது. அதற்கு முன் காவிரி இருக்கிறது, காவிரியில் குடிநீர் எடுக்கும் ஊர்கள் இருக்கின்றன, திருச்சி இருக்கிறது, டெல்டா இருக்கிறது. கட்டுரையாளரின் வரைபடத்தில் திருப்பூருக்கு அடுத்த ஊர் வங்காள விரிகுடா.

உரிமம் பெற்ற உப்பு ஓர் ஆற்றை என்ன செய்யும் என்பதற்கு அண்மைச் சான்றும் உண்டு. போலந்து, ஜெர்மனி எல்லையில் ஓடும் ஓடர் ஆற்றில் 2022 கோடையில் நூற்றுக்கணக்கான டன் மீன்கள் செத்து மிதந்தன. கடலோர உவர்நீரில் வாழும் ஒரு நச்சுப்பாசி உள்நாட்டு ஆற்றில் பெருகியதே காரணம் என்றும், ஆற்றின் மிகுந்த உப்பே அதற்கு இடம் கொடுத்தது என்றும் ஐரோப்பிய ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்த உப்பில் பெரும்பங்கு கள்ளத்தனமாக வந்ததல்ல. சுரங்கங்களும் தொழிற்சாலைகளும் முறைப்படி அனுமதி பெற்று விட்டவை. ஒவ்வோர் அனுமதியும் தனித்தனியே சரியாக இருந்தது. கோடையில் ஆறு வற்றியபோது எல்லாம் ஒன்றுகூடிக் கொன்றன. ஐரோப்பாவின் பெரிய ஆறுகளில் ஒன்றுக்கே இந்தக் கதி என்றால், பல மாதங்கள் சாக்கடை நீரை நம்பி ஓடும் நொய்யல் எந்த மூலைக்கு?

நான்காவதாக விலை. ரொனால்ட் கோஸ் 1960இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் நிழல் இந்த வாதத்தின் மேல் விழுந்திருக்கிறது. உரிமைகளைத் தெளிவாக வரையறுத்துவிட்டால் பேரம் பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்பது அதன் பாதி. பேரம் பேசுவதற்கே செலவு உண்டு, அந்தச் செலவு மிகுந்த இடத்தில் உரிமை முதலில் யாரிடம் இருக்கிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கும் என்பது மறுபாதி. கோஸ் இரண்டையும் சொன்னார். இவர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். ஹண்டரில் பங்கு வைத்திருப்போர் கண்காணிக்கத்தக்க எண்ணிக்கையிலான பெரு நிறுவனங்கள். ஆறு நெடுகிலும் தானியங்கி அளவுமானிகள் ஓட்டத்தையும் உப்பையும் இடைவிடாமல் அனுப்புகின்றன. திருப்பூரிலோ 2011இல் மூடப்பட்டவை மட்டும் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். மழை பெய்யத் தொடங்கினால் நொய்யல் நுரைப்பதும் நிறம் மாறுவதும் இன்றைக்கும் செய்தியாகிறது. முழுத் தடை இருக்கும்போதே மழையின் மறைவில் திறந்துவிடுபவர்கள், உரிமம் என்றொரு மறைவும் கிடைத்தால் என்ன செய்வார்கள்? இன்று ஆற்றில் ஒரு குடம் சாயநீர் கண்டாலும் அது குற்றம். உரிமம் வந்த மறுநாள், அது யாருடைய பங்கு, எத்தனை மணிக்கு விட்டது, அளவுக்கு மேலா கீழா என்பது வழக்கு. குற்றத்தை வழக்காக மாற்றிவிட்டால் பத்தாண்டு வாய்தா வாங்கலாம் என்பது தமிழ்நாட்டில் யாருக்குத் தெரியாது?

போகட்டும், விலை வைத்துப் பார்க்கவே இல்லையா? பார்த்தோம். 2006 டிசம்பர் 22இல் உயர் நீதிமன்றம், பூஜ்ஜிய வெளியேற்றத்துக்கு மாறும்வரை, விடும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஆறு காசில் தொடங்கிப் பத்துக் காசு வரை ஏறும் தண்டத் தொகை விதித்தது. 2007 ஜூலை 31 கெடு. கட்டுரையாளர் கனவு காணும் விலைக் கருவி, ஏறுவரிசையோடு, அதுதானே? அந்தக் கெடுவுக்குள் ஆறு தெளிந்ததா? வழக்கு உச்ச நீதிமன்றம் போனது, 2009 அக்டோபர் 6இல் அங்கும் விவசாயிகள் பக்கம் தீர்ப்பு வந்து மூன்று மாத அவகாசம் தரப்பட்டது, அதுவும் கழிந்தது, அவமதிப்பு மனு வந்தது, கடைசியில் 2011 ஜனவரி 28இல் எல்லாவற்றையும் மூடு என்று உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் ஆற்றில் வெளிப்படையாக ஓடிய சாயம் நின்றது. லிட்டருக்குச் சில காசு என்று வந்ததும் அது தண்டனையாக இல்லாமல் உற்பத்திச் செலவில் ஓர் இனமாகிவிட்டது. விலையால் நடக்காதது தடையால் நடந்தது. கண்முன் நடந்த இந்தப் பரிசோதனையைத் தாண்டிக் குதித்து ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சான்று தேடுவது அறியாமையா, அல்லது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் முயற்சியா?

ஐந்தாவது பிழைப்பு. இதை நான் இலேசாகத் தள்ளமாட்டேன். பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் இலட்சக்கணக்கானவர்களின் அடுப்பு அந்தத் தொழிலில்தான் எரிகிறது. மூடப்பட்ட மாதங்களில் அவர்கள் பட்ட பாட்டைக் கொண்டாடும் யாரும் ஆற்றின் நண்பரல்லர். ஆனால் நடந்தது என்ன? அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது, நிலையங்கள் மேம்பட்டன, பட்டறைகள் திறந்தன. அடுத்த பத்தாண்டில் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி ரூபாய் மதிப்பில் இரு மடங்குக்கு மேல் வளர்ந்தது. ஐரோப்பியக் கொள்முதலாளர் முன்னால், சாயக்கழிவை ஒரு சொட்டும் விடாத ஊர் எங்கள் ஊர் என்று தொழில்துறை தலைநிமிர்ந்து சொல்கிறது. சொல்லட்டும், அந்தப் பெருமை உழைத்துச் சம்பாதித்தது. ஆனால் கண்காட்சி அரங்கில் பெருமையாக இருப்பது கோட்டைக்குக் கொடுக்கும் மனுவில் மட்டும் எப்படிச் சாபமாகிறது? கோடிகளைக் கடன் வாங்கி ஆர்.ஓ.வும் எவாப்பரேட்டரும் வைத்து நாணயமாகத் தொழில் செய்பவர் முதலில் நொடிந்துபோவது இந்த உரிமச் சந்தையில்தான். சுத்திகரிக்காதவன் அவரைவிடக் குறைந்த கூலிக்குச் சாயம் போட்டுத் தருவான். தொழிலின் பெயரால் பேசுகிறவர், தொழிலில் இருக்கும் யோக்கியர்களுக்கு எதிராகப் பேசிக்கொண்டிருக்கிறார். வேறு மாநிலங்களில் இந்தக் கண்டிப்பு இல்லையே என்ற குறை நியாயமானது. அதற்கு மருந்து ராஜஸ்தானின் பாலியிலும் பஞ்சாபின் லூதியானாவிலும் கண்டிப்பை உயர்த்தச் சொல்வது. அங்கே ஆறு செத்தது, ஆகவே இங்கேயும் சாகட்டும் என்பது எந்த ஊர் நீதி?

பிழைப்பு என்றதும் இன்னொரு கணக்கும் நினைவுக்கு வர வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் வேலூர்த் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கின் விளைவாக 1996இல் அமைந்த சூழல் இழப்பு ஆணையம், நொய்யல் கரையில் பாதிக்கப்பட்டவர்களைக் கணக்கெடுத்து 2004இல் இழப்பீடு நிர்ணயித்தது: 28,596 விவசாயிகள், ஏறத்தாழ 24.8 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள், தலைக்கு ஒன்பதாயிரம்கூட வராது. தென்னையும் மஞ்சளும் நின்ற நிலம் உப்புப் பூத்ததற்கும், கிணற்றுத் தண்ணீர் மாட்டுக்கும் ஆகாமல் போனதற்கும், இருக்கும் மண்ணை விட்டுப் பிழைப்புத் தேடிப் பட்டணம் போனதற்கும் கிடைத்த விலை அது. கட்டுரையாளரின் ஏட்டில் தொழிலாளி இருக்கிறார், முதலாளி இருக்கிறார், அந்நியச் செலாவணி இருக்கிறது. இந்த 28,596 பேர் ஓர் அடிக்குறிப்பாகக்கூட இல்லை.

அவர்கள் ஏன் இல்லை என்பதில்தான் இந்த வாதத்தின் உள்நோக்கம் ஒளிந்திருக்கிறது. உரிமச் சந்தை தொடங்கும்போது முதல் பங்குகளை யாருக்குக் கொடுப்பது? ஏற்கெனவே கழிவு விட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு என்று அவர் ஒரு வரியில் கடந்துபோகிறார். ஹண்டரிலும் தொடக்கத்தில் அப்படித்தான் கொடுத்தார்கள். இதன் பொருளை விரித்துப் பாருங்கள். இருபது முப்பது ஆண்டுகள் ஆற்றைக் கெடுத்தது தகுதியாகிறது. எவ்வளவு கெடுத்தாரோ அவ்வளவு சொத்து. நேற்றுவரை குற்றமாக இருந்தது இன்று வாங்கவும் விற்கவும் அடகு வைக்கவும் கூடிய ஆஸ்தி. நாளை ஓர் அரசு மனம் மாறி ஆற்றை மீட்க நினைத்தால், அந்த ஆஸ்திக்கு நட்டஈடு கேட்டு நீதிமன்றம் போகலாம். ஆற்றின் மேல் கிரயப் பத்திரம் எழுதிக்கொள்ளும் ஏற்பாடு இது. சந்தையின் மேல் உண்மையிலேயே நம்பிக்கை இருந்தால் நான் ஒரு சோதனை வைக்கிறேன்: ஆயிரம் பங்கையும் முதலில் கீழ்மடையின் ஆயக்கட்டுதாரர்களிடம் கொடுங்கள். தண்ணீரின் மேல் முதல் உரிமை அவர்களுடையது. சாயப்பட்டறைகள் போய், விலை பேசி, அவர்கள் மனமுவந்து விற்றால் வாங்கிக்கொள்ளட்டும். கோஸின் தேற்றம் பங்கு முதலில் யாரிடம் இருந்தாலும் பேரம் நடக்கும் என்றுதானே சொல்கிறது? இந்த ஏற்பாட்டுக்குக் கட்டுரையாளர் சம்மதிப்பாரா? சம்மதிக்கமாட்டார் என்றால் அவர் காதல் சந்தையின் மேல் அல்ல, இலவசத்தின் மேல்.

உப்பைக் கட்டுப்படுத்த உண்மையான விருப்பம் இருந்தால் அளவுமானியை ஆற்றில் வைப்பதற்கு முன் கடையில் வையுங்கள். ஒவ்வொரு பட்டறையும் மாதம் எத்தனை டன் உப்பும் சோடியம் சல்பேட்டும் வாங்குகிறது என்பதற்குப் பில் இருக்கிறது, வரிக் கணக்கு இருக்கிறது. எத்தனை டன் மீட்டுக் கையிருப்பில் வைத்திருக்கிறது, எத்தனை டன் கலப்பு உப்பாகக் கொட்டகையில் இருக்கிறது என்பதை எடைபோட முடியும். வாங்கியதிலிருந்து இவ்விரண்டையும் கழித்தால் வரும் மீதி ஆற்றிலோ மண்ணிலோதான் இருக்க முடியும், ஏனென்றால் உப்புக்கு வேறு போக்கிடம் இல்லை. இந்த உப்புக் கணக்கைப் பட்டறைவாரியாக மாதந்தோறும் பொதுவில் வைக்கச் சொல்லுங்கள். அதற்குப் புதுச் சந்தை வேண்டாம், ஆஸ்திரேலியப் பயணம் வேண்டாம். பெருக்கல் வகுத்தல் கூடத் தேவையில்லை. கழித்தல் தெரிந்தால் போதும். நாணயமாகத் தொழில் செய்பவர்கள் அந்தக் கணக்கை நாளையே காட்டுவார்கள். மீதி விழுகிறவர்கள் மட்டுமே உரிமம் கேட்பார்கள்.